ஜீரோவைத் தொலைத்த ஆமை

— ஜீரோ எப்படி அண்ணி காணாமப் போகும்? அதுவே ஒண்ணுமில்லாதது. ஒண்ணுமில்லாததை எவனாவது திருடுவானா?

— எவனும் திருடல தம்பி. உன் ஆமைதான் வழியில போட்டுட்டு வந்திருக்கு. மொதல்ல அந்த டீ கிளாஸை லேப்டாப் பக்கத்துலேருந்து எடு. எடுத்துட்டு, கொசு என்ன எழுதியிருக்குன்னு முழுசாப் படி.

— வாரம் தவறாம வந்து காதுகிட்ட பாடுதே இந்தக் கொசு! நம்ம லைப்ரரியை ஆமைன்ற கம்ப்யூட்டர் மொழியில பயன்படுத்துறது உலகத்துலயே ஒரே ஒரு ஆளு. அந்த ஒரு ஆளுக்கு ஊருக்கே உள்ள வாய் இருக்கு.

— படின்னு சொன்னேன்.

— படிக்கிறேன், தெய்வமே. "வணக்கம். நான் தெனமும் காலைல மலை ஏறி, மழைமானியைப் பாத்து, மழை அளவை ஆமையில மூட்டை கட்டி அனுப்புறேன். கீழ ஆபீஸ்ல அதை ஜாவாவுல பிரிக்கிறாங்க. மழை பெஞ்ச நாளெல்லாம் சரியா வருது. பெய்யாத நாள்ல நான் ஜீரோன்னு அனுப்பினா, அங்க 'அளக்கவே இல்லை'ன்னு வருது. இது மழையில்லாத மாசம். நான் மலையே ஏறுறதில்லைன்னு மேலதிகாரி நெனைக்கிறாரு. நான் ஏறினேன்னு என் முழங்காலுக்குத் தெரியும். அது சாட்சி சொன்னா யாரு நம்புவா? தயவு செஞ்சு பாருங்க."

— ம்.

— முழங்காலைப் பாத்தீங்களா அண்ணி? என்னமா எழுதியிருக்கு! யாரோ உக்காந்து யோசிச்சு எழுதினாப்ல இல்ல?

— ஆமாமா. யாரு எழுதினாங்களோ, நல்லாவே எழுதியிருக்காங்க.

— ஏன் சிரிக்கிறீங்க?

— நீ ஏன் சிரிக்கிற?

— நான் சும்மா சிரிச்சேன்.

— நானும் சும்மாதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காரு. ஆறு மணிக்கு மீட்டிங். அதுக்குள்ள இது சரியாகணும்.

— சமையக்கட்டுல உக்காந்துதான் ஆகணுமா? என் ரூம்ல ஃபேன் இருக்கு.

— உன் ரூம்ல ஃபேன் இருக்கு, நெட்டு இல்ல. உங்க அண்ணன் எந்த நேரத்துல ரவுட்டரை ஃப்ரிட்ஜ் மேல கொண்டாந்து வச்சாரோ, அன்னையிலேருந்து இந்த வீட்டுல நெட்டு வேணும்னா பாத்திரம் கழுவுற எடத்துக்குத்தான் வந்தாகணும். உக்காரு.

— உக்காந்தாச்சு. அண்ணன் எங்க?

— ஹால்ல பேப்பரை மூஞ்சியில போட்டுட்டுத் தூங்குறாரு. காலைல என்னைப் புடிச்சு, "மூட்டை மூட்டைன்னு அண்ணியும் கொழுந்தனும் என்னதான் கட்டுறீங்க?"ன்னு கேட்டாரு.

— என்ன சொன்னீங்க?

— ஒருத்தர் ஒரு மொழியில இருக்குற தகவலை மூட்டையாக் கட்டி அனுப்புவாங்க. இன்னொருத்தர் வேற மொழியில அதைப் பிரிப்பாங்க. உள்ள வச்சது வச்சபடி வெளிய வரணும். அந்தக் கட்டுறதையும் பிரிக்கிறதையும் எல்லா மொழிக்கும் எழுதி வச்சிருக்கோம், பழுதானா சரி பண்றோம், அதான் எங்க லைப்ரரின்னு சொன்னேன்.

— புரிஞ்சுதா அவருக்கு?

— "அப்போ நீங்க ரெண்டு பேரும் சுமை தூக்குறவங்க"ன்னாரு. தப்பும் இல்ல. சரி, பக் எங்க இருக்கு, சொல்லு.

— எனக்கென்னமோ ஜாவா மேலதான் சந்தேகம். ஆமையில கட்டி ஆமையிலயே பிரிச்சா ஒழுங்கா வருது. இதோ பாருங்க, ஜீரோ ஜம்முனு உக்காந்திருக்கு. என் டெஸ்ட் அத்தனையும் பாஸ்.

— ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உன் ஆமையில கட்டி உன் ஆமையிலயே பிரிச்சா சரியாத்தான் வரும். கட்டுறதும் பிரிக்கிறதும் சேந்து ஒரே தப்பைப் பண்ணுதே! என் பைத்தான்ல பிரிச்சுப் பாரு.

— பாக்குறேன்... அடக் கடவுளே. இங்கயும் "மதிப்பு இல்லை"ன்னு வருது.

— இப்பச் சொல்லு. கூடம் கோணலா?

— கூடம் நேராத்தான் இருக்கு. ஆடினவன் காலுதான் கோணல்.

— கேளு தம்பி. முன்னாடி நமக்குள்ள ஒரு ஒப்பந்தம் இருந்துச்சு. எடத்தை மிச்சம் புடிக்க, ஜீரோவை மூட்டையில வைக்க வேண்டாம். பிரிக்கிறவன் பாத்துட்டு, ஒண்ணும் இல்லைன்னா ஜீரோன்னு எடுத்துக்கட்டும். ஞாபகம் இருக்கா?

— இருக்கு. ரொம்பச் சிக்கனமான குடும்பம்.

— அந்தச் சிக்கனம் வேண்டாம்னு போன ரிலீஸ்ல மாத்தினோம். ஜீரோன்னு சொல்றது வேற, எதுவுமே சொல்லாம இருக்குறது வேற. "எனக்குப் பசியில்ல"ன்னு சொல்றவனும் வாயே தொறக்காதவனும் ஒண்ணா? எல்லா மொழியும் மாறிடுச்சு. ஆமை மட்டும் இன்னும் மிச்சம் புடிச்சுக்கிட்டு இருக்கு.

— அந்த மெயிலை நான் பாக்கவே இல்ல அண்ணி. அப்பதானே எனக்கு வேலை போச்சு. ஒரு மாசம் கொசுவைத் தவிர யாரு மெயிலையும் நான் தொறக்கல.

— தெரியும். அதனாலதான் அப்போ உன்னை ஒண்ணும் கேக்கல. இப்போ கேக்குறேன். எங்க விடுது அது?

— இருங்க, இருங்க. இதோ மாட்டிக்கிச்சு. "மதிப்பு ஜீரோவா இருந்தா மூட்டையில வைக்காதே." ஒரே ஒரு வரி. தூக்கினா முடிஞ்சுது கதை. தூக்கிட்டேன். கட்டிட்டேன். பைத்தான்ல பிரிக்கிறேன்... வந்துடுச்சு! ஜீரோ வந்துடுச்சு! அண்ணி, டீ போடுங்க, கொண்டாடலாம்.

— டீயை நீ போடு. அதுக்கு முன்னாடி, அளக்காத நாள் ஒண்ணை அனுப்பிப் பாரு.

— அளக்காத நாளா?

— கொசுவுக்குக் காய்ச்சல்னு வச்சுக்கோ. மலை ஏறல. மழை அளவுன்ற எடத்துல எதுவும் எழுதல. அந்த மூட்டையைக் கட்டி அனுப்பு.

— அனுப்பினேன்... ஓ.

— என்ன வருது?

— ஜீரோ. மழை பெய்யலைன்னு வருது.

— அன்னைக்குன்னு பாத்து மழை கொட்டியிருந்தா? ஊரு முங்கிப் போகும், ஆபீஸ்ல "மழையில்லை"ன்னு காலை நீட்டி உக்காந்திருப்பாங்க. முன்னாடி, சொன்னவனைச் சொல்லாதவன் ஆக்கின. இப்போ சொல்லாதவனைச் சொன்னவன் ஆக்கிட்ட.

— பிள்ளையார் புடிக்கப் போயி குரங்காயிடுச்சு.

— குரங்குன்னாலும் பரவாயில்ல, சேட்டையோட விட்டுடும். இது பொய் சாட்சி சொல்லுது. யோசி.

— யோசிக்கிறேன். மதிப்பைப் பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. அங்கயும் ஜீரோ, இங்கயும் ஜீரோ... அண்ணி! மதிப்பையே பாக்கக் கூடாது! மதிப்பு எழுதுற ஒவ்வொரு எடத்துக்கும், அதான் ஒவ்வொரு ஃபீல்டுக்கும், பக்கத்துல ஒரு குறி வச்சுக்கணும். யாராவது அதுல எதையாவது எழுதினா, அது ஜீரோவாவே இருந்தாலும், குறி விழணும். கட்டும்போது குறி இருக்கான்னு மட்டும் பாத்தாப் போதும்.

— வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்க. பைத்தான்லயும் அதைத்தான் பண்ணியிருக்கோம். எழுது.

— நீங்க மொதல்லயே சொல்லியிருக்கலாமே?

— சொல்லியிருந்தா என் ஃபிக்ஸ் ஆயிருக்கும். இது உன் ஆமை.

— எல்லா ஃபீல்டுலயும் மாத்தணும். கொஞ்ச நேரமாகும்.

— நீ மாத்து. நான் டெஸ்ட்டை மாத்துறேன். இனிமே ஆமையில கட்டினதை மத்த எல்லா மொழியிலயும் பிரிச்சுப் பாத்து, எல்லாரும் தலையாட்டினாத்தான் பாஸ். தனக்குத் தானே மார்க் போட்டுக்கிற வேலையெல்லாம் இன்னையோட சரி.

— உங்க போன் அடிக்குது பாருங்க. அரிசி டப்பாவுக்குப் பின்னாடி.

— ஜாவாக்காரர் கூப்பிடுறாரு. கை ஈரமா இருக்கு, ஸ்பீக்கர்ல போடு. நீ வாயைத் தொறக்காத... சொல்லுங்க சார்.

— அதாவது பாருங்க மேடம், மீட்டிங்குக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசிடலாம்னு. அந்த ஆமை விஷயம். அதைத் தூக்கிடலாமான்னு போன தடவையே கேட்டேன். யாருமே பயன்படுத்தாத மொழியைச் சுமக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதான்.

— நான்தான் சார்.

— அதாவது பாருங்க, உங்க வீட்டுப் பையன் பாத்துக்கறாருன்றதுக்காக நான் சொல்லல. தங்கமான பையன். ஆனா ஒவ்வொரு ரிலீஸ்லயும் ஆமைக்காக எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம். இன்னைக்கும் அந்த ஜீரோ பக் ஒண்ணு நிக்குது.

— சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும் சார்.

— முடியட்டும், சந்தோஷம். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பேருன்ற எடத்துல வெறும் புள்ளி வச்சுக்கிட்டு வாரா வாரம் எழுதுதே ஒரு ஆளு. அது நெஜமான ஆளுதானா? நீங்க "ஆமா"ன்னு சொன்னா போதும். மேல ஒரு கேள்வி கேக்க மாட்டேன், ஆமைக்கே ஓட்டுப் போட்டுடுறேன்.

— மீட்டிங்ல சொல்றேனே சார்.

— அப்போ சரி மேடம். வச்சிடுறேன்.

— அண்ணி.

— டைப் அடிக்கிறதை ஏன் நிறுத்திட்ட?

— "ஆமா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அவர் தட்டுல வச்சுக் குடுத்தாரே.

— நீ வேலையைப் பாரு தம்பி.

— இல்ல, நான் சொல்லிடறேன். வேலை போனதுக்கு அப்புறம் காலைல எந்திரிக்க எனக்கு இருக்குற ஒரே காரணம் இந்த ஆமைதான். நேர்காணலுக்குப் போனா "இப்ப என்ன பண்றீங்க?"ன்னு கேக்குறாங்க. "ஆமையைப் பாத்துக்கறேன்"ன்னு சொல்றேன். சிரிக்கிறாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். ஆனா அது பொய் இல்லையே! ஒரு பொருள் என் பொறுப்புல இருக்கு, அது ஓடுது. அதையும் புடுங்கிட்டா நான் யாருன்னு சொல்றது?

— அழாத.

— அழல. வெங்காயம்.

— வெங்காயம் இன்னும் கூடையிலயே இருக்கு. மூக்கைத் தொடைச்சுட்டு மிச்ச ஃபீல்டை முடி. நீ அழுதா எனக்கும் வரும், அப்புறம் யாரு டெஸ்ட் எழுதுறது?

— முடிச்சாச்சு. கடைசி ஃபீல்டும் ஆச்சு. ஓட்டட்டுமா?

— ஓட்டு. எல்லா மொழியிலயும் பிரிச்சு முடிக்க இந்தக் கெழட்டு லேப்டாப்புக்கு நேரம் புடிக்கும். அதுவரைக்கும் இந்தத் தட்டை எல்லாம் தொடைச்சு அடுக்கு.

— அண்ணி, கை வேலையா இருக்கும்போதே சொல்லிடறேன். மூஞ்சியைப் பாத்துச் சொல்ல வெக்கமா இருக்கு. ரொம்ப நன்றி.

— தட்டு தொடைக்கிறது நீ, நன்றி எனக்கா?

— அதுக்கில்ல. வாரா வாரம் உக்காந்து, எனக்காகத் தேடித் தேடி ஒவ்வொரு பக்கா கண்டுபிடிச்சு எழுதுறீங்களே, அதுக்கு. எனக்கு ரொம்ப நாளாவே தெரியும்.

— என்ன தெரியும்?

— கொசு நீங்கதான்னு.

— யாரு?

— நடிக்காதீங்க அண்ணி. எனக்கு வேலை போன அதே வாரம் கொசுவோட மொத மெயில் வந்துச்சு. அதுவரைக்கும் ஆமையை ஈ காக்கா சீண்டினதில்ல. பையன் செவுத்தைப் பாத்துப் படுத்துக் கெடக்கானே, கைக்கு ஒரு வேலை குடுப்போம்னு நீங்கதான் ஒரு ஆளை உண்டாக்கியிருக்கீங்க. மெயிலும் டாண்ணு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலதான் வரும். அதானே உங்க ஆபீஸ்ல உங்களுக்கு ஓய்வு? இப்பவும் ஜாவாக்காரர்கிட்ட பொய் சொல்ல மனசு வராமத்தானே முழுங்கினீங்க?

— டேய், தட்டைக் கீழ வை.

— வச்சுட்டேன்.

— நீ கொசு இல்லையா?

— நானா?

— நீதானே! வேலை போச்சு, ஆமையையும் தூக்கிடுவாங்கன்னு பயந்து நீயே ஒரு ஆளை ஜோடிச்சுட்டேன்னு நெனச்சேன். பேரு எழுதக்கூடச் சோம்பல் பட்டு ஒரு புள்ளி வச்சிருக்கு. அதைப் பாத்ததும் சந்தேகமே இல்லாமப் போச்சு, நம்ம வீட்டுச் சரக்குதான்னு!

— சத்தியமா நான் இல்ல அண்ணி!

— உங்க அண்ணன் மேல சத்தியமா நானும் இல்ல! அதனாலதான்டா ஜாவாக்காரருக்குப் பதில் சொல்ல முடியல. இல்லாத ஆளுக்குச் சாட்சி சொல்லவும் மனசு வரல, உன்னைக் காட்டிக் குடுக்கவும் மனசு வரல.

— அப்போ வேலை போன வாரமே மெயில் வந்தது?

— காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்திருக்கு. அவ்வளவுதான்.

— அப்போ... அந்த மழைமானி?

— நெஜமான மழைமானி.

— முழங்காலு?

— அதுவும் நெஜம். யாரோ ஒருத்தர் நெஜமாவே தெனமும் மலை ஏறி... தம்பி, ஆளு இருக்காங்கடா! ஆமைக்கு ஒரு ஆளு இருக்காங்க!

— அண்ணி, ஆமை பொழைச்சிடுச்சு! தெய்வமே, ஆமை பொழைச்சிடுச்சு!

— குதிக்காத, கீழ் வீட்டுக்காரங்க மேல வந்துடுவாங்க. உங்க அண்ணன் வேற... ஏன் நின்னுட்ட? இப்பதானே குதிச்ச. மூஞ்சி ஏன் இப்படிச் சுருங்குது?

— நான் கொசுவுக்குத் தனி மெயில் போட்டிருக்கேன் அண்ணி.

— பக்கைப் பத்தித்தானே?

— ஆரம்பத்துல பக்கைப் பத்தி. அப்புறம்... நீங்கன்னு நெனச்சு. "நேத்து சாப்பாட்டுல உப்பு ஜாஸ்தி. அண்ணன் பயந்துக்கிட்டு சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன்"ன்னு எழுதினேன்.

— கொசுவுக்கா?

— நேர்ல சொன்னா கரண்டி பறக்கும். மெயில்ல சொன்னா நீங்களும் தெரியாத மாதிரி இருக்கலாம், நானும் சொல்லாத மாதிரி இருக்கலாம்னு பாத்தேன்.

— அதுக்கு என்ன பதில் வந்துச்சு?

— "இனிமே கொறைச்சுப் போடுறேன்"ன்னு வந்துச்சு. மறுநாள் சாப்பாட்டுல நெஜமாவே உப்பு கொறைஞ்சிருந்துச்சு அண்ணி! நான் எப்படிச் சந்தேகப்படுவேன்?

— அன்னைக்கு உப்பு டப்பா காலிடா!

— இன்னும் இருக்கு. ஒரு நேர்காணலுக்குப் போறேன்னு கெளம்பிட்டு, வாசல் வரைக்கும் போய் பயந்துபோய், பூங்காவுல உக்காந்துட்டுத் திரும்பி வந்தேனே...

— எப்போ?

— அதான் உங்களுக்குத் தெரியுமே... ஓ, தெரியாதுல்ல. கொசுவுக்குத்தான் தெரியும்.

— கொசு திட்டலையா?

— திட்டல. "பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லிக்கலாம், ஒண்ணும் கொறைஞ்சு போயிட மாட்டோம். அடுத்த தடவை போயிட்டு வந்து எழுதுங்க. காத்துக்கிட்டு இருப்பேன்"ன்னு எழுதிச்சு. அதுக்கு அப்புறம் ஒரு நேர்காணலையும் நான் தவற விடல அண்ணி. நீங்க காத்துக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சு நெனச்சுத்தான் போனேன்.

— அடப் பாவி. யாரோ ஒரு புண்ணியவான்... இல்ல, புண்ணியவதி...

— நீங்க ஏன் தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்துட்டீங்க?

— நானும் எழுதியிருக்கேன் தம்பி.

— நீங்களுமா!

— நேர்ல கேட்டா உனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வரும். கொசுன்ற பேருக்குப் பின்னாடி நீ ஒளிஞ்சிருக்க, நானும் அப்படியே அன்பா நாலு வார்த்தை பேசிடலாம்னு... "சாப்பிட்டியா? வேளாவேளைக்குச் சாப்பிடு. கேக்க ஆளில்லைன்னு மட்டும் நெனைச்சுக்காத, நான் இருக்கேன்"ன்னு எழுதினேன். அதுவும் ஒரு தடவை இல்ல, தெனமும்.

— முன்ன பின்ன தெரியாத ஆளுக்கா?

— அது மட்டுமா! "மூஞ்சியில அது என்ன புதரு? மொதல்ல அந்தத் தாடியை எடு, பாக்கச் சகிக்கல"ன்னேன்.

— தெய்வமே! அது ஒரு பொம்பளையா இருந்தா?

— "எடுத்துட்டேன், இப்பதான் லேசா இருக்கு"ன்னு பதில் வந்துச்சுடா! மறுநாளு நீயும் தாடியை எடுத்துட்டு மழுமழுன்னு வந்து நின்ன. மேல என்ன சாட்சி வேணும் எனக்கு?

— எனக்கு அரிச்சுது அண்ணி, அதான் எடுத்தேன்!

— சிரிக்காத. இத்தனை நாளா யாரோ ஒரு பெரிய மனுஷரை வாடா போடான்னு எழுதியிருக்கேன். இவ்வளவு மொழிக்கு ஒரு லைப்ரரி, அதுக்குத் தலைவி நானு!

— நானாவது வாங்க போங்கன்னு மரியாதையா எழுதினேன்.

— ஆமாமா, மரியாதையா உப்பைப் பத்தி எழுதின. அங்க பாரு, ஸ்க்ரீன்ல பச்சையா என்னமோ வந்திருக்கு.

— டெஸ்ட் முடிஞ்சுது! ஜாவா பாஸ். பைத்தான் பாஸ். எல்லாமே பாஸ். அண்ணி, அளந்த நாளு ஜீரோன்னு வருது. அளக்காத நாளு அளக்காததாவே வருது.

— மொதல்ல அதைக் கொசுவுக்கு அனுப்பு. அவங்க யாரா வேணா இருக்கட்டும், நம்ம ஜீரோவால அவங்க வேலைக்குச் சங்கடம் வரக் கூடாது.

— அனுப்பிட்டேன். கூட ஒரு மெயில் எழுதணுமே. என்னன்னு ஆரம்பிக்க?

— "மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா..."

— நேத்து வரைக்கும் தாடியை எடுன்னுட்டு, இன்னைக்கு மதிப்பிற்குரியன்னா மெரண்டு போயிடுவாங்க அண்ணி.

— அப்போ வெறும் வணக்கம் போடு. "புது ஆமையை அனுப்பியிருக்கோம். சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. ஆமையைப் பயன்படுத்த நெஜமா ஆளு இருக்குன்னு ஆறு மணிக்கு நாங்க சொல்லணும். நீங்க யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?" அவ்வளவுதான்.

— நாம ஆள் மாத்தி நெனைச்சதை எழுத வேண்டாமா?

— வேண்டவே வேண்டாம். அவங்களுக்கு இது தெரியாமலே போகட்டும். அசடு வழியிறது இந்தச் சமையக்கட்டோட நிக்கட்டும்.

— போட்டுட்டேன். பதில் வருமா அண்ணி? இதுங்க ரெண்டும் கிறுக்குங்கன்னு வேற லைப்ரரிக்குப் போயிட்டா?

— போனா, கொசு போன துக்கத்துல ஆமையும் போயிடும். போகாது. நீ வெங்காயத்தை எடுத்துட்டு வா. கை சும்மா இருந்தா மனசு கண்டதையும் நெனைக்கும்.

— இவ்வளவும் உரிக்கணுமா?

— உரி. மணி அஞ்சரை ஆகப் போகுது... தம்பி, லேப்டாப் சத்தம் போட்டுச்சா?

— வந்துடுச்சு! அண்ணி, பதில் வந்துடுச்சு!

— படி, படி.

— "வணக்கம். காலைல அளந்ததைப் புது ஆமையில கட்டி மறுபடி அனுப்பினேன். கீழ ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டேன். 'ஜீரோ, மழையில்லை'ன்னு காட்டுதாம். மேலதிகாரியே போனை வாங்கி, 'அப்போ இவ்வளவு நாளும் ஏறிக்கிட்டுத்தான் இருந்தீங்களா?'ன்னு கேட்டாரு. மன்னிப்பும் கேட்டாரு. அவர் யார்கிட்டயும் அப்படிக் கேட்டு நான் பாத்ததில்ல."

— அப்பாடா! பெத்த வயித்துல பாலை வாத்த மாதிரி இருக்கு. அப்புறம்?

— "நான் யாருன்னு கேட்டிருக்கீங்க. அணைக்கு மேல ஒரு மழை நிலையம் இருக்கு. நான் ஒரே ஆளுதான் இங்க. தங்குறதும் இங்கயேதான், மழைமானி மட்டும் இன்னும் மேல, மலை உச்சியில. இங்க இருக்குற கருவி ரொம்பப் பழசு, அதுக்கு ஆமையை விட்டா வேற மொழி தெரியாது. ஆமையைத் தூக்கிட்டா நிலையத்தையே மூடிடுவாங்க. மீட்டிங்ல இதைத் தாராளமாச் சொல்லுங்க. வேணும்னா நானே வந்து பேசுறேன்."

— போதும்! இது போதும்! ஜாவாக்காரர் ரெண்டு கையையும் தூக்கி ஓட்டுப் போடுவாரு. ஆமை இருக்கும் தம்பி. நீதான் அதைப் பாத்துக்கப் போற. இனிமே எவனாவது சிரிச்சா, அணைக்கு மேல ஒரு நிலையம் என் கையிலதான் இருக்குன்னு சொல்லு.

— அண்ணி, இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கு.

— படியேன்.

— என்னால முடியல. நீங்களே படிங்க.

— இப்படித் திருப்பு. "இன்னொண்ணு. நான் எழுதின பழுதெல்லாம் நெஜம்தான். ஆனா சிலதை நானே சரி பண்ணியிருக்க முடியும், உங்களுக்கு எழுத ஒரு சாக்கு வேணும்னு விட்டு வச்சேன். நீங்க ரெண்டு பேரும் என்னை வேற யாரோன்னு நெனைச்சு எழுதுறீங்கன்னு மொத மாசமே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. தெரிஞ்சதைச் சொல்லிட்டா, அப்புறம் என்னைச் சாப்பிட்டியான்னு கேக்க யாரு இருக்கா? அதான் சொல்லல. இப்போ நான் யாருன்னு தெரிஞ்சு போச்சு... நாளைக்கும் கேப்பீங்களா?"